புதுசு மாட்டியும் சத்தம் ஏன்? – கார் சஸ்பென்ஷன் சத்தத்தின் நூறாண்டுக் கதை

வீட்டு வாசலிலேயே ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வைத்து, பழைய ஷாக் அப்சார்பரையும் லோயர் ஆர்மையும் கழற்றிப் புதுசு மாட்டியாகிவிட்டது. தெருமுனை வேகத்தடை வரைக்கும் ஒரு ரவுண்டு போனால்... "டக்!". பழைய பார்ட் இருந்தபோதுகூட இந்தச் சத்தம் இல்லை! சொந்தக் கையால் கார் வேலை பார்க்கிறவர்கள் உலகம் முழுக்க அடிக்கடி கேட்கும் கேள்வி இது. எல்லாமே புதுசு, அப்புறம் எங்கிருந்து சத்தம்?

பதில் தெரியாதபோது பெரும்பாலோர் செய்வது, இன்னொரு பார்ட் வாங்கி மாட்டுவது. அதற்கும் அடங்காவிட்டால் அடுத்தது. பணம் போவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கொஞ்சம் பயங்கரமானது. அந்த "டக்" ஒரு சாதாரண ரப்பர் புஷ்ஷாகவும் இருக்கலாம், முறுக்கப்படாத பால் ஜாயிண்ட் நட்டாகவும் இருக்கலாம். முதலாவது வெறும் எரிச்சல். இரண்டாவது, ஓடுகிற காரில் சக்கரம் மடங்கிப்போகும் விஷயம். காதுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இந்தச் சத்தத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. காரை அமைதியாக்க நூறு ஆண்டுகளாகப் பொறியாளர்கள் எடுத்த ஒவ்வொரு முடிவும், சத்தம் ஒளிந்துகொள்ள ஒரு புது இடத்தைக் கொடுத்தது. எந்த முடிவு எப்போது, ஏன் எடுக்கப்பட்டது என்று தெரிந்தால், எங்கே தேடுவது என்பது பாதி தெரிந்த மாதிரி.

கிரீஸ் காலம்

காருக்கு முன்னால் குதிரை வண்டி. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கோச் வண்டிகளுக்கு எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த வில் போன்ற ஸ்பிரிங்குகள் பரவலாகின. (நம் ஊர் "வில்வண்டி" என்ற பெயரே இந்த வில்லிலிருந்து வந்ததுதான். மாட்டு வண்டிக்கு சஸ்பென்ஷன் வைத்தால் வில்வண்டி!) கார் வந்தபோது இதே பட்டை ஸ்பிரிங் அப்படியே காருக்குள் குடியேறியது. 1908 முதல் 1927 வரை விற்ற ஃபோர்டு மாடல் டி-யில் முன்னால் குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங், பின்னால் ஒன்று. அவ்வளவுதான். ஷாக் அப்சார்பர் கிடையாது. வேண்டுமானால் வெளியே வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும்.

அந்தக் கால சஸ்பென்ஷனில் எல்லாமே இரும்போடு இரும்பு உரசுவதுதான். பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும். பட்டையின் முனையில் இருக்கும் பின், வெண்கல புஷ்ஷுக்குள் சுழலும். சறுக்கும் இடத்தில் எண்ணெய் இருந்தால் சத்தம் இல்லை. காய்ந்துபோனால் "கிறீச்". புஷ் தேய்ந்துவிட்டால் "லொடலொட". சத்தத்தைக் கண்டுபிடிக்கும் முறையும் சுலபம். ஒவ்வோர் இடமாக எண்ணெய் விட வேண்டும், எங்கே விட்டதும் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. வசதியான கார்களில் பட்டைகளைச் சுற்றித் தோல் உறை தைத்து, உள்ளே கிரீஸ் அடைத்து வைப்பார்கள். ஸ்பிரிங்குக்குச் சட்டை!

ஷாக் அப்சார்பரின் தொடக்கமும் இதே உராய்வுதான். பிரெஞ்சுக்காரரான ட்ருஃபோ வடிவமைத்து, அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் விற்ற சாதனத்தில், இரண்டு கைகளுக்கு நடுவே உராயும் தட்டுகள் இருந்தன. முறுக்கினால் கெட்டி, தளர்த்தினால் மென்மை. கிளீவ்லாந்து நகரின் கேப்ரியல் கம்பெனி 1910-களில் ஒரு பெல்ட் சுற்றிய டிரம்மை விற்றது. ஸ்பிரிங் துள்ளி எழும்போது பெல்ட் இழுத்துப் பிடிக்கும். இந்தக் கம்பெனி முதலில் செய்தது என்ன தெரியுமா? காருக்கான இசை ஹாரன். சத்தம் விற்ற கம்பெனி குலுங்கலை அடக்கப் போனது. அந்தப் பெயர்தான் இன்று நம் ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் "கேப்ரியல் ஷாக்" என்று தொங்குகிறது.

அந்தக் காலத்தில் "பார்ட் மாற்றிய பிறகு சத்தம்" என்பது பெரிய புதிர் இல்லை. எதை எந்த வரிசையில் கழற்றினாலும், திரும்ப மாட்டி, கிரீஸ் அடித்துவிட்டால் வேலை முடிந்தது. சக்கரம் காற்றில் தொங்கும்போது முறுக்கினாலும் ஒன்றுதான், தரையில் நிற்கும்போது முறுக்கினாலும் ஒன்றுதான். பின் எந்த நிலையிலும் புஷ்ஷுக்குள் சுழலும். இந்த ஒரு விஷயத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்து நடந்தது இதைத் தலைகீழாக்கிவிட்டது.

ரப்பர் வந்தது

1920-களில் பிரான்சில் "சைலன்ட்பிளாக்" என்ற பெயரில் ஒரு சின்ன உருளை சந்தைக்கு வந்தது. வெளியே ஓர் இரும்புக் குழாய், உள்ளே ஓர் இரும்புக் குழாய், இரண்டுக்கும் நடுவே இறுக்கி அடைத்த ரப்பர். பெயரே அது என்ன செய்யும் என்று சொல்லிவிடுகிறது. இந்தப் பெயர் எவ்வளவு பரவியது என்றால், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ரஷ்ய மொழி மெக்கானிக்குகளுக்கு இன்றும் ரப்பர் புஷ் என்றாலே "சைலன்ட்பிளாக்"தான். நமக்கு ஜெராக்ஸ் மாதிரி.

இதன் புதுமை ரப்பரில் இல்லை, அது அசையும் விதத்தில் இருக்கிறது. பழைய புஷ்ஷில் பின் சுழலும். இதில் எதுவுமே சுழலாது! உள்குழாயை போல்ட் போட்டு பிராக்கெட்டோடு நெருக்கிப் பிடித்துவிடுவார்கள். வெளிக்குழாய் ஆர்மோடு சேர்ந்து இருக்கும். ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது நடுவில் இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொள்கிறது, திரும்பும்போது அவிழ்கிறது. துணி பிழிவதுபோல. சறுக்கல் இல்லை, அதனால் தேய்மானம் இல்லை. இடைவெளி இல்லை, அதனால் லொடலொட இல்லை. கிரீஸே வேண்டாம்.

1931-ல் கிரைஸ்லர் கம்பெனி தன் பிளிமத் காரில் எஞ்சினையே ரப்பர்மேல் உட்காரவைத்து, அதற்கு "மிதக்கும் சக்தி" என்ற பொருள் வரும் பெயர் சூட்டி விளம்பரம் செய்தது. பிரான்சின் சிட்ரோயன் அடுத்த ஆண்டே அந்த உரிமையை வாங்கி, மிதக்கும் அன்னப்பறவையைச் சின்னமாகப் போட்டது. ரப்பர்தான் எதிர்காலம் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

ஆனால் இந்த ரப்பர் ஒரு நிபந்தனையோடு வந்தது. முறுக்கிக்கொள்ளும் எந்தப் பொருளுக்கும் "ஓய்வு நிலை" என்று ஒன்று உண்டு. சைலன்ட்பிளாக்கின் ஓய்வு நிலை, போல்ட்டை எப்போது இறுக்குகிறோமோ அப்போது ஆர்ம் எங்கே இருக்கிறதோ அதுதான். கார் தரையில் நிற்கும்போது இறுக்கினால், நிற்கும் நிலையில் ரப்பர் ஓய்வாக இருக்கும். பள்ளத்தில் கொஞ்சம் இப்படி முறுக்கும், மேட்டில் கொஞ்சம் அப்படி.

வீட்டில் வேலை செய்கிறவர் என்ன செய்கிறார்? காரை ஜாக்கியில் தூக்கியிருக்கிறார். சக்கரம் தொங்குகிறது, ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. புது ஆர்மை மாட்டி, போல்ட்டை நன்றாக இறுக்கிவிட்டு, பெருமையாகக் காரை இறக்குகிறார். அந்த நொடியே ரப்பர் முழுசாக முறுக்கிக்கொள்கிறது. இனிமேல் அதற்கு ஓய்வே கிடையாது. நிற்கும்போதும் முறுக்கு, ஒவ்வொரு மேட்டிலும் இன்னும் முறுக்கு. முதலில் முனகல் மாதிரி ஒரு சத்தம். சில சமயம் அந்தப் பக்கம் கார் கொஞ்சம் உயரமாக நிற்கும். அப்புறம் சில மாதங்களில் ரப்பர் கிழிந்து "டக் டக்" தொடங்கும். புது பார்ட் மட்டம் என்று கடைக்காரருக்குத் திட்டு விழும். (பாவம், அவர் என்ன செய்வார்!)

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. போல்ட்டைப் போதுமான அளவு இறுக்காமல் விட்டால், உள்குழாய் பிராக்கெட்டில் பிடிபடாமல் நகரும். பிரேக் அடிக்கும்போது ஒரு "டக்", விட்டு ஓட்டும்போது இன்னொரு "டக்". மேடு பள்ளமே இல்லாத ரோட்டில் பிரேக்குக்கு மட்டும் சத்தம் வந்தால், முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் இது ஒன்று.

மூட்டுகள் பெருகின

1930-ல் இங்கிலாந்தின் ரோல்ஸ் ராய்ஸில் அனுபவம் பெற்ற மாரிஸ் ஓலி என்ற பொறியாளர் அமெரிக்காவில் காடிலாக்கில் சேர்ந்தார். எடைகளை முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கக்கூடிய ஒரு பெரிய காரை வைத்துக்கொண்டு, மனித உடம்புக்கு எந்தக் குலுங்கல் பிடிக்கும், எது பிடிக்காது என்று அவர் சோதித்தார். விளைவு, 1934 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு முன்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் சஸ்பென்ஷன். ஒரு சக்கரம் குழியில் விழுந்தால் இன்னொன்றுக்குத் தெரியாது.

சொகுசு கூடியது உண்மை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரே அச்சாக இருந்த இடத்தில் இப்போது பக்கத்துக்கு இரண்டு ஆர்ம்கள், ஒவ்வோர் ஆர்முக்கும் உள்பக்கம் மூட்டு, வெளிப்பக்கம் மூட்டு, இவற்றை இணைக்கும் ஸ்டியரிங் கம்பிகளுக்கு இன்னும் சில மூட்டுகள். சத்தம் வரக்கூடிய இடங்கள் பல மடங்கு ஆயின.

மெக்ஃபெர்சன் என்ற மனிதர்

இந்தப் பெருக்கத்தைக் குறைத்தவர் ஏர்ல் மெக்ஃபெர்சன். 1891-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம் செவ்ரலே கம்பெனி, ஆயிரம் டாலருக்குள் விற்கக்கூடிய ஒரு சின்ன காரைச் செய்யும் பொறுப்பை அவரிடம் கொடுத்தது. காரின் பெயர் கேடட். எடை குறைவாக, விலை குறைவாக, ஆனால் நான்கு சக்கரமும் தனித்தனியாக ஆட வேண்டும். எப்படி?

மெக்ஃபெர்சனின் விடை, மேல் ஆர்மையே தூக்கிவிடுவது. ஷாக் அப்சார்பரைத் தடிமனான ஒரு தூணாகச் செய்து, அதன் அடியைச் சக்கரத்தோடு அசையாமல் இணைத்து, தலையைக் காரின் உடம்போடு மாட்டி, சுற்றிலும் காயில் ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டார். கீழே ஓர் ஆர்ம் போதும். சக்கரம் திரும்பினால் தூணும் சேர்ந்து திரும்பும்.

கேடட் வெளிவரவே இல்லை. போருக்குப் பிறகு இரும்புக்குத் தட்டுப்பாடு, செய்கிற பெரிய கார்களே விற்றுத் தீர்ந்துகொண்டிருந்தன. 1947-ல் திட்டம் கைவிடப்பட்டது. அதே ஆண்டு மெக்ஃபெர்சன் போட்டிக் கம்பெனியான ஃபோர்டுக்குப் போய்விட்டார். 1950 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில், ஃபோர்டின் பிரிட்டிஷ் கிளை கான்சல், ஸெஃபிர் என்ற இரண்டு கார்களைக் காட்டியது. இரண்டிலும் முன்னால் மெக்ஃபெர்சன் தூண்கள். 1947-ல் விண்ணப்பித்த காப்புரிமை அமெரிக்காவில் 1953-ல்தான் கிடைத்தது. அவர் 1960-ல் இறந்தார். 1972-ல் வந்த ஹோண்டா சிவிக், 1974-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் போன்ற சின்ன கார்களின் காலத்தைப் பார்க்க அவர் இல்லை. எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சக்கரத்தை ஓட்டும் கார்களுக்கு எஞ்சின் அறையில் இடம் வேண்டும். மேல் ஆர்ம் இல்லாத இந்த வடிவம் அந்த இடத்தைக் கொடுத்தது. இன்று ரோட்டில் ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலானவற்றின் முன்னால் இருப்பது இதுதான்.

வீட்டு மெக்கானிக்கின் தலைவலியும் இங்கேதான். முன்பெல்லாம் ஷாக் அப்சார்பர் என்பது குலுங்கலை அடக்கும் துணைச் சாமான். கழற்றினாலும் சக்கரம் நிற்கும். மெக்ஃபெர்சன் அமைப்பில் அதுவே சக்கரத்தைப் பிடித்திருக்கும் தூண். "ஷாக் மாற்றுகிறேன்" என்று இறங்குகிறவர் உண்மையில் காரின் எலும்பு ஒன்றை மாற்றுகிறார். அதனால் எல்லா இணைப்புகளும் புதிதாகச் சரியாக உட்கார வேண்டும்.

தூணின் தலையில் ரப்பர் மவுன்ட்டும் ஒரு பேரிங்கும் இருக்கும். ஸ்டியரிங் திருப்பும்போது ஸ்பிரிங்கும் தூணும் இந்த பேரிங்கில்தான் சுழல வேண்டும். பழைய பேரிங்கையே திரும்பப் போட்டு, அது பிடித்துக்கொண்டால், ஸ்பிரிங் கொஞ்சம் முறுக்கி, பிறகு திடீரென்று விடுபடும். "டொய்ங்!" என்று வீணைக் கம்பி அறுந்த மாதிரி சத்தம். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதே இது வந்தால், சந்தேகம் இங்கேதான். ஒருவர் ஸ்டியரிங் திருப்ப, இன்னொருவர் ஸ்பிரிங்கின் மேல் கை வைத்துப் பார்த்தால் அது துள்ளுவது விரலுக்கே தெரியும்.

ஸ்பிரிங்கின் கீழ் முனைக்கு அடித்தட்டில் ஒரு படி இருக்கும். முனை அந்தப் படியில் முட்டி உட்கார வேண்டும். அரை அங்குலம் தள்ளி உட்கார்ந்தாலும் முதல் சில கிலோமீட்டரில் அது தானாகவே நகர்ந்து உட்காரப் பார்க்கும், ஒவ்வொரு முறையும் ஒரு சத்தத்தோடு. ஸ்பிரிங்குக்கு மேலும் கீழும் இருக்கும் ரப்பர் தட்டுகளைப் பழைய தூணோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டால், இரும்பு இரும்போடு பேசும்.

தலை நட்டு இன்னொரு கதை. கம்பி சுற்றிக்கொண்டே போகும், இறுக்க வராது. "போதும்" என்று விட்டுவிட்டால் சின்னக் கற்களுக்கும் சிறு குழிகளுக்கும்கூட "டக் டக்". பெரிய வேகத்தடைக்கு மௌனம், சின்ன மேடு பள்ளத்துக்குச் சத்தம் என்றால் இந்த நட்டைப் பார்க்கலாம். பழைய கார்களில் தூணின் உடம்பை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றுவார்கள். அங்கே மூடி நட்டு தளர்ந்திருந்தால் கார்ட்ரிட்ஜ் குழாய்க்குள் மேலும் கீழும் முட்டும். சத்தம் வெளியே எங்கும் தெரியாது.

(ஒரு எச்சரிக்கை. அழுத்திய ஸ்பிரிங்கில் இருக்கும் சக்தி ஓர் ஆளைக் கொல்லப் போதுமானது. சரியான கம்ப்ரஸர் இல்லாமல் தலை நட்டைத் தொடவே கூடாது.)

பால் ஜாயிண்ட்

1952-ல் அமெரிக்காவின் லிங்கன் கார், சக்கரத்தைத் திருப்புவதற்குப் பழைய கிங்பின்னுக்குப் பதிலாக பால் ஜாயிண்ட்டோடு வந்தது. கிண்ணத்தில் உட்கார்ந்த உருண்டை, நம் இடுப்பு மூட்டு மாதிரி. ஒரே மூட்டு ஆடவும் செய்யும், திரும்பவும் செய்யும். மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள்.

கிங்பின் காலத்தில் கிரீஸ் கன் எடுத்துக்கொண்டு அடிக்கடி காருக்கு அடியில் போக வேண்டியிருந்தது. 1961-ல் ஃபோர்டு, 30,000 மைலுக்கு ஒருமுறை சேஸிஸ் கிரீஸ் அடித்தால் போதும் என்று விளம்பரம் செய்தது. பிறகு நிப்பிளே இல்லாமல், ஆயுளுக்கும் மூடி வைத்த ஜாயிண்ட்டுகள் வந்தன. வசதிதான். ஆனால் இதில் ஓர் இழப்பும் இருந்தது. கிரீஸ் அடிக்க அடியில் போகிறவன் கூடவே எல்லா மூட்டுகளையும் பார்த்துவிடுவான், ஆட்டியும் பார்ப்பான். அந்தப் பார்வை நின்றுபோனது. அதன்பின் மூட்டு தேய்வதை முதலில் சொல்வது சத்தம் மட்டும்தான் என்றாகிவிட்டது. அந்தச் சத்தத்தையும் "புது புஷ், செட் ஆகட்டும்" என்று ஒதுக்கினால் ஆபத்து. "செட் ஆகும்" என்பது சஸ்பென்ஷன் விஷயத்தில் நம்பவே கூடாத வார்த்தை.

பால் ஜாயிண்ட்டின் கால் கூம்பு வடிவம். நட்டு இறுகும்போது கூம்பு துளையில் கடித்துக்கொள்ளும். துளையில் துருவோ மண்ணோ இருந்தால், இறுக்கியது போலத் தெரிந்தாலும் ஓட்டும்போது தளரும். வேறு சில வகைகளில் நேரான கால், குறுக்கே ஒரு போல்ட். அந்த போல்ட் சரியான பள்ளத்தில் போகாவிட்டாலும் ஆபத்தேதான். சோதிப்பதிலும் ஒரு சூட்சுமம். மெக்ஃபெர்சன் அமைப்பில் காரின் எடை தூண் வழியாகப் போகிறது, கீழ் பால் ஜாயிண்ட்டில் அந்த எடை இல்லை. காரைத் தூக்கி, கடப்பாறையால் ஆர்மை நெம்பினால் ஆட்டம் தெரிந்துவிடும். ஓலி காலத்து இரண்டு ஆர்ம் அமைப்பில், ஸ்பிரிங் கீழ் ஆர்மின்மேல் உட்கார்ந்தால் எடை முழுவதும் கீழ் ஜாயிண்ட்டில். சும்மா தூக்கினால் ஸ்பிரிங்கே மூட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "நல்லாத்தான் இருக்கு" என்று ஏமாற்றும். கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைத்துத்தான் ஆட்டிப் பார்க்க வேண்டும்.

சத்தம் இடம் மாறிப் பேசும்

1946-ல் மிஷெலின் காப்புரிமை பெற்ற ரேடியல் டயர், 1949 முதல் விற்பனைக்கு வந்தது. உழைப்பு, பிடிப்பு இரண்டிலும் பழைய டயரை மிஞ்சியது. ஆனால் அதன் உறுதியான பெல்ட், மெதுவாகப் போகும்போது ரோட்டின் ஒவ்வொரு விளிம்பையும் காருக்குள் அனுப்பியது. அதைச் சரிகட்டப் பொறியாளர்கள் புஷ் ரப்பரை மென்மையாக்கி, சக்கரம் முன்பின்னாகக் கொஞ்சம் அசைய இடம் விட்டார்கள். ரப்பர் மென்மையாக, வேலையோ கூடுதலாக.

இன்னொரு மாற்றம், தனிச் சட்டம் போய் உடம்பே சட்டமாக ஆனது. சஸ்பென்ஷன் நேரடியாக உடம்பின் தகடுகளில் மாட்டப்பட்டது. வயலினில் கம்பி ஒரு முனையில் அதிர, பெட்டி முழுவதும் பாடுகிறதல்லவா? அதுபோல இடது தூணின் தலையில் வரும் "டக்" டிரைவரின் காலடியில் கேட்கும். "வலது பக்கம்தான் சத்தம்" என்று சத்தியம் செய்கிறவர்கள் பலர் இடது பக்க பார்ட்டைத்தான் கடைசியில் மாற்றியிருக்கிறார்கள். அதனால்தான் ஒர்க்‌ஷாப்களில் ஒவ்வொரு மூட்டிலும் சின்ன மைக் கவ்வி, ஓட்டிக்கொண்டே ஹெட்போனில் ஒவ்வொன்றாகக் கேட்கும் கருவி வந்தது.

புத்தகம் பார்த்து மாட்டியவர்கள்

1966-ல் இங்கிலாந்தில் ஜான் ஹேன்ஸ், ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் காருக்கு ஒரு பழுதுபார்ப்புக் கையேட்டை வெளியிட்டார். காரை முழுசாகக் கழற்றி, ஒவ்வொரு படியையும் புகைப்படம் எடுத்து விளக்கும் பாணி. சாதாரண மக்களை வீட்டு மெக்கானிக் ஆக்கியதில் ஹேன்ஸ் கையேடுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. கழற்றும் வரிசையை விரிவாகச் சொல்லிவிட்டு, மாட்டுவதற்கு அதைத் தலைகீழாகச் செய்தால் போதும் என்று முடித்துவிடுவார்கள் என்பது அந்தக் கையேடுகளைப் பற்றிய உலகப் புகழ் பெற்ற கேலி.

கிரீஸ் காலத்துக்கு அந்த விதி சரி. சைலன்ட்பிளாக் வந்தபிறகு அது பொய். கழற்றும்போது கார் தூக்கியிருக்கும். மாட்டும்போது போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டு, காரை அதன் எடையில் நிற்கவைத்து (அல்லது ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து நிற்கும் உயரத்துக்கு உயர்த்தி), பிறகுதான் டார்க் ரெஞ்ச்சால் கடைசி இறுக்கம். இந்த ஒரு படி தலைகீழ் வரிசையில் எங்குமே வராது. கார் கம்பெனிக் கையேடுகள் இதை ஒரு வரியில் சொல்லும். அவசரத்தில் அந்த வரிதான் கண்ணில் படாது.

ஆகவே புதுசு மாட்டியபின் சத்தம் என்றால், தேடல் கடையில் தொடங்கக் கூடாது, கை பட்ட இடத்தில் தொடங்க வேண்டும். ஓட்டுவதை நிறுத்திவிட்டு, சக்கர நட்டு, பிரேக் காலிப்பர் போல்ட், பால் ஜாயிண்ட் நட்டு என்று தொட்ட எல்லாவற்றையும் ரெஞ்ச்சால் திரும்பச் சோதிப்பது முதல் வேலை. சக்கரம் சுற்றும் வேகத்துக்கு ஏற்ப "சர்... சர்..." என்றால் அது சஸ்பென்ஷனே இல்லை, வேலையின்போது வளைந்த பிரேக் தகடு டிஸ்க்கில் உரசுகிறது. ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் மேல் சந்தேகம் என்றால், இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றிக் கட்டிவைத்து, ஆளில்லாத இடத்தில் மிக மெதுவாக ஒரு சுற்றுப் போகலாம். சத்தம் போய்விட்டால் விடை கிடைத்தது. (சில கார்களில் இந்த பாரே ஆர்மைப் பிடித்திருக்கும். மெக்ஃபெர்சனின் ஃபோர்டு கார்களிலேயே அப்படித்தான். அங்கே பாரைக் கழற்றி ஓட்டவே கூடாது!) கிறீச் சத்தத்துக்கு சோப்புத் தண்ணீர். ஒவ்வொரு புஷ்ஷாகத் தெளித்து, ஆளை வைத்துக் காரை அமுக்கிப் பார்த்தால், எங்கே நனைந்ததும் சத்தம் அடங்குகிறதோ அங்கே குறை. மாடல் டி காலத்து எண்ணெய் வைத்தியம்தான், ஆனால் இப்போது எண்ணெய் கூடாது. சாதாரண ரப்பர் பெட்ரோலிய எண்ணெயில் ஊறி உப்பிக் கெட்டுவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் வந்தால்? புது ஷாக் பழையதைவிடக் கெட்டி. இத்தனை நாள் பழைய ஷாக் சொதசொதவென்று இருந்ததால் தப்பித்துக்கொண்டிருந்த பக்கத்துப் புஷ்ஷுக்கு இப்போது முழு அடியும் விழுகிறது. சத்தம் போடுவது புதுசு இல்லை, அதன் பழைய பக்கத்து வீட்டுக்காரர்.

நம் ஊரில்

இந்தியாவில் இந்த இரண்டு காலங்களும் பக்கத்துப் பக்கத்திலேயே ஓடின. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசான அம்பாசிடர், பின்னால் பட்டை ஸ்பிரிங்கோடும், அடியில் கிரீஸ் நிப்பிள்களோடும் 1950-களின் கடைசியிலிருந்து 2014 வரை உற்பத்தியானது. 1983 டிசம்பரில் முதல் மாருதி 800-இன் சாவி கைமாறியபோது அதன் முன்னால் இருந்தது மெக்ஃபெர்சன் தூண். மாருதி 800 நின்றதும் அதே 2014-ல்தான். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் அம்பாசிடர் பார்த்த அதே கைகள் மாருதியும் பார்த்தன. தூக்கிய நிலையிலேயே எல்லாவற்றையும் இறுக்கும் பழக்கமும் அந்தக் கைகளோடு சேர்ந்தே வந்திருந்தால் ஆச்சரியமில்லை. அம்பாசிடரின் கிரீஸ் அடிக்கும் மூட்டுகளில் அது தவறாகவே இருந்ததில்லை.

வேகப் பிரியர்கள் ரப்பரை எடுத்துவிட்டு பாலியூரிதேன் புஷ் போடுகிறார்களே, அது இன்னும் வேடிக்கை. சிவப்பு, மஞ்சள் நிறத்தில் பளபளவென்று இருக்கும். ரப்பரைவிடக் கெட்டி, திருப்பத்தில் கார் நேராக நிற்கும். ஆனால் பெரும்பாலான வகைகளில் அது உள்குழாயோடு ஒட்டவில்லை. ரப்பர் மாதிரி முறுக்காமல், பழைய வெண்கல புஷ் மாதிரி சுழல்கிறது. எனவே எந்த உயரத்தில் இறுக்கினாலும் கவலை இல்லை. ஆனால் மாட்டும்போது கிரீஸ் பூச வேண்டும், அது காய்ந்தால் "கிறீச்". இதனாலேயே சில தயாரிப்பாளர்கள் அந்தப் புஷ்களுக்கு உள்ளே கிரீஸ் தங்கும் வரிகள் வெட்டி, வெளியே ஒரு கிரீஸ் நிப்பிளையும் வைத்து விற்கிறார்கள்.